ரெகுலேட்டரைத் திறக்காதே என்னும் பூச்சாண்டி

அறுநூறு எழுநூறு டாலர் கொடுத்து ஒரு ஸ்கூபா ரெகுலேட்டர் வாங்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அதை வாயில் கடித்துக்கொண்டு முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம். அதற்கும் தடையில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து அதே ஆள் அதே கடைக்குப் போய், "உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் தேய்ந்துவிட்டன, நானே மாற்றிக்கொள்கிறேன், ஒரு சர்வீஸ் கிட் கொடுங்கள்" என்று கேட்டுப் பார்க்கட்டும். கடைக்காரர் முகம் மாறிவிடும். இது உயிர் காக்கும் கருவியாம். பயிற்சி பெற்ற டெக்னீஷியன்தான் திறக்க வேண்டுமாம். கிட் விற்றால் கம்பெனி கடையின் டீலர்ஷிப்பையே பறித்துவிடுமாம்.

அமெரிக்காவில் பெரிய ரெகுலேட்டர் கம்பெனிகளில் பெரும்பாலானவை பல வருடங்களாக நடத்தும் கூத்து இது. இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது சட்டம் இல்லை என்பது. காற்று அடைத்த சிலிண்டருக்கு அங்கே அரசு விதி உண்டு; ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை செய்தே ஆக வேண்டும். ரெகுலேட்டரை அதன் சொந்தக்காரர் திறக்கக் கூடாது என்று மத்திய அரசின் சட்டம் எதுவும் கிடையாது. கம்பெனியும் டீலரும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தை, ஏதோ கடவுள் கட்டளை போல டைவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்களும் நம்பிவிட்டார்கள். அதுதான் இதில் பெரிய சோகம்.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

ரெகுலேட்டர் ஒன்றும் மந்திரப் பெட்டி இல்லை. 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் சேர்ந்து அக்வாலங் கருவியைச் செய்தார்கள். கான்யான் ஏர் லிக்விட் கம்பெனியின் என்ஜினீயர். போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு. கார்களைச் சமையல் வாயுவில் ஓட்டுவதற்காக அவர் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். அதைத்தான் தண்ணீருக்கடியில் மூச்சு விடுவதற்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். பிறந்ததே கைவேலையில், வேறொன்றுக்காகச் செய்ததைத் திருத்தி!

சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். அதை அப்படியே வாயில் வைக்க முடியாது. சிலிண்டர் வாயில் பொருத்தும் முதல் நிலை அந்த அழுத்தத்தைச் சுற்றுப்புற அழுத்தத்துக்கு மேல் 9, 10 பார் அளவுக்குக் குறைக்கிறது. வாயில் கடிக்கும் இரண்டாம் நிலை அதைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குக் கொண்டு வருகிறது. டைவர் மூச்சை இழுத்ததும் ஒரு ரப்பர் தகடு உள்ளே குழிகிறது. அது ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறது. வால்வு திறந்து காற்று வருகிறது. மூச்சை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

இதில் தேய்கிற பாகங்கள் எவை? ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள், வால்வு வந்து உட்காரும் பிளாஸ்டிக் சீட், சிலிண்டர் பக்கமுள்ள சின்ன வடிகட்டி, ரப்பர் தகடு, மூச்சு வெளியேறும் ரப்பர் வால்வு. ஓ-ரிங்குகளில் பல எந்தத் தொழிற்சாலை உதிரிபாகக் கடையிலும் கிடைக்கிற பொதுவான அளவுகள்தான். சீட் மட்டும் அந்தந்தக் கம்பெனியின் சொந்த வடிவம். பூட்டு அங்கேதான் தொங்குகிறது. பத்து பாகத்தில் எட்டு வெளியே கிடைத்தாலும் மிச்சம் இரண்டு கிடைக்காவிட்டால் வேலை நடக்காது.

சர்வீஸ் என்றால் என்ன? கழற்றுவது. பித்தளைப் பாகங்களில் படிந்த உப்பையும் பச்சைக் களிம்பையும் நீர்த்த வினிகரிலோ அல்ட்ராசோனிக் தொட்டியிலோ போட்டுக் கழுவுவது. ரப்பரையும் சீட்டையும் புதிதாக மாற்றுவது. சரியான கிரீஸ் தடவி, சரியான முறுக்குவிசையில் மாட்டுவது. அப்புறம் சோதிப்பது. கவனம் வேண்டும், பொறுமை வேண்டும், மேனுவல் வேண்டும், சில விசேஷக் கருவிகள் வேண்டும். ஒரு பைக்கின் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் கற்றுக்கொள்ள முடியாத வித்தை இல்லை. இதைப் படிப்படியாகச் சொல்லித்தர வான்ஸ் ஹார்லோ 1990களின் கடைசியிலேயே ஆங்கிலத்தில் தனிப் புத்தகம் எழுதிவிட்டார். 1950, 60களின் இரட்டைக் குழாய் ரெகுலேட்டர்களைச் சேகரிக்கிறவர்கள் அவற்றைத் தாங்களே பழுது பார்த்து, அவற்றோடு இன்றும் கடலுக்குள் போய் வருகிறார்கள். அந்தப் பழைய கருவிகளுக்கு உதிரி செய்து யாருக்கும் விற்கும் சிறு கடைகளும் இருக்கின்றன. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

இலவசம் என்னும் தூண்டில்

காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பல கம்பெனிகள் 'வாழ்நாள் முழுவதும் உதிரிபாகம் இலவசம்' என்று விளம்பரம் செய்தன, செய்கின்றன. கேட்கவே இனிக்கும். நிபந்தனையைப் படித்தால் புளிக்கும். முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். குறித்த கெடுவுக்குள் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம்தான் சர்வீஸ் செய்ய வேண்டும். ஒரு தடவை தவறினால் சலுகை போச்சு. பாகம் இலவசம், கூலி தனி. அந்தக் கூலியும் முதல் நிலைக்கு ஒன்று, இரண்டாம் நிலைக்கு ஒன்று, கூடவே வைத்திருக்கும் ஆக்டோபஸ் என்ற உபரிக்கு ஒன்று என்று தனித்தனியாக ஏறும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று கிராமத்தில் சொல்வார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் எளிது. ரெகுலேட்டர் பதினைந்து இருபது வருடம் உழைக்கிற சாமான். ஒரு தடவை விற்றால் ஒரு தடவைதான் லாபம். சர்வீஸைக் கட்டாயமாக்கினால் வருடா வருடம் வருமானம். வாங்கும்போது பத்து கம்பெனிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வாங்கிய பிறகு அந்த ஒரு கம்பெனியின் பிடியில்தான் இருக்க வேண்டும். இதைப் பொருளாதாரத்தில் பின்சந்தை ஏகபோகம் என்பார்கள்.

இதே கதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கோடக் கம்பெனி தன் காப்பியர் இயந்திரங்களுக்கான உதிரிபாகங்களைச் சுயேச்சையான மெக்கானிக்குகளுக்கு விற்க மறுத்தது. 'இயந்திரச் சந்தையில் எங்களுக்குப் போட்டி இருக்கிறது, அதனால் உதிரிபாகத்தில் நாங்கள் ஏகபோகம் செய்ய முடியாது' என்று வாதாடியது. 1992-இல் நீதிமன்றம் அந்த வாதத்தை மட்டும் வைத்து வழக்கைத் தள்ளிவிட முடியாது என்று சொல்லிவிட்டது. விலை கொடுத்து இயந்திரத்தை வாங்கிவிட்டவர் உதிரி கிடைக்கவில்லை என்பதற்காக அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட மாட்டார், அவர் மாட்டிக்கொண்டவர். ரெகுலேட்டர்காரரும் அதே நிலைமையில்தான்.

கம்பெனி இருக்கும் வரைக்காவது பரவாயில்லை. அமெரிக்காவின் பழைய பெயர்களில் ஒன்றான டேகோர் 1990களின் கடைசியில் இன்னொரு குழுமத்தின் கைக்குப் போனது. பிறகு சந்தையிலிருந்தே காணாமல் போனது. நல்ல பித்தளை, நல்ல வேலைப்பாடு, இன்னும் பல வருடம் ஓடக்கூடிய கருவிகள். உதிரியும் மேனுவலும் ஊரறிந்த பொருளாக இருந்திருந்தால் ஒரு பெயர் மறைவதால் கருவி அநாதையாக வேண்டியதில்லை.

"ஆனால் இது உயிர் விஷயம் ஆயிற்றே?"

ஆமாம், உயிர் விஷயம்தான். அதனால்தான் இந்த வாதத்தை உணர்ச்சியால் இல்லாமல் விவரத்தால் சோதிக்க வேண்டும்.

1992 முதல் 2003 வரை நடந்த 947 ஸ்கூபா மரணங்களை ஆராய்ந்து டெனோபிளும் சகாக்களும் 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விபத்தைத் தொடங்கி வைத்த காரணம் தெரிந்த சம்பவங்களில் 41 சதவீதம் காற்று தீர்ந்துபோனது. 20 சதவீதம் எங்காவது சிக்கிக்கொண்டது. கருவிக் கோளாறு 15 சதவீதம். அந்த 15-லும் ரெகுலேட்டர் மட்டும் இல்லை, எல்லாக் கருவிகளும் அடக்கம். ஆக, டைவரைக் கொல்வதில் முதல் இடம், மீட்டரைப் பார்க்காமல் காற்றைத் தீர்த்துவிடும் கவனக்குறைவுக்கு.

அடுத்தது, ரெகுலேட்டர் கெட்டுப்போகும் விதம். முதல் நிலை சீட் தேய்ந்தால் நடு அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஏறினால் இரண்டாம் நிலை வால்வு தானாகத் திறந்து காற்றை வெளியே விடும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கோளாறுகளில் காற்று நிற்பதற்குப் பதில் பீறிட்டு அடிக்கும். அதுவும் ஆபத்துதான், சில நிமிடங்களில் சிலிண்டர் காலியாகும். ஆனால் மேலே வர அவகாசம் உண்டு, பக்கத்தில் துணை டைவர் உண்டு, அவரிடம் உபரி ரெகுலேட்டர் உண்டு. இதையெல்லாம் முதல் நிலைப் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது விஷயம் கம்பெனிகளுக்குப் பிடிக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கெடு வந்துவிட்டது என்பதற்காகப் பிரிப்பதே ஒரு ஆபத்து. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவில் வேலை பார்த்த வாடிங்டன் என்ற விஞ்ஞானி ஒன்றைக் கவனித்தார்: திட்டமிட்ட பராமரிப்பு முடிந்த உடனேதான் விமானங்களில் எதிர்பாராத பழுதுகள் அதிகம். 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நவ்லனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கை இன்னும் மேலே போனது. அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 89 சதவீதத்துக்கு, இத்தனை மணி நேரம் ஓடினால் மாற்ற வேண்டும் என்று வயது வரம்பு வைப்பதால் பலனில்லை. நவீன விமானப் பராமரிப்பே அதன் பிறகு மாறியது. ரப்பர் மூப்படையும், உண்மை. ஆனால் ஓட்டத்தைச் சோதித்து, தேவை வந்தால் பிரிப்பதே புத்திசாலித்தனம்.

அந்தச் சோதனையைச் சொந்தக்காரரே செய்யலாம் என்பதுதான் வேடிக்கை. சில பத்து டாலர் விலையில் நடு அழுத்த மீட்டர் கிடைக்கிறது. குறைந்த அழுத்தக் குழாயில் மாட்டி, சிலிண்டரைத் திறந்து, பட்டனை நாலைந்து தடவை அழுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். முள் ஓரிடத்தில் நின்றால் சீட் நலம். மெல்ல ஏறிக்கொண்டே போனால் சீட் போய்விட்டது. இரண்டாம் நிலைக்கு மீட்டர்கூட வேண்டாம். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வாய்ப்பகுதி மேலே இருக்கும்படி மெதுவாக இறக்கினால், ரப்பர் தகட்டுக்கு மேல் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தண்ணீர் ஏறியதும் உஸ்ஸென்று காற்று வர வேண்டும். சிலிண்டரில் மாட்டாமல், முதல் நிலையின் வாயை அடைத்துவிட்டு உறிஞ்சினால் காற்று வரவே கூடாது. வந்தால் எங்கோ ஓட்டை, கடலில் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வாய்க்குள் வரும். ஐந்து நிமிட வேலை. வருடத்துக்கு ஒரு தடவை கடையில் கொடுத்துவிட்டு மற்ற நாளெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறவரைவிட, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இதைச் செய்கிறவர்தான் பத்திரமானவர்.

நாலாவதுதான் உச்சகட்டக் காமெடி. இதே துறைதான் ரீபிரீதர் விற்கிறது. வெளிவிட்ட மூச்சையே சுத்தப்படுத்தி, ஆக்சிஜன் கலந்து திரும்பக் கொடுக்கும் கருவி. அதில் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைமை டைவரே கையால் நிரப்ப வேண்டும். ஆக்சிஜன் சென்சாரை அவரே மாற்ற வேண்டும். ஒவ்வொரு டைவுக்கு முன்பும் அவரே பூட்டிச் சோதிக்க வேண்டும். தவறு செய்தால் எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும். ஆண்ட்ரூ ஃபாக் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, சாதாரண ஸ்கூபாவைவிட இதில் மரண அபாயம் சுமார் பத்து மடங்கு என்று மதிப்பிட்டது. அந்தச் சோடா லைமும் சென்சாரும் கல்லாவில் பணம் கொடுத்தால் கிடைக்கும்! பத்து மடங்கு ஆபத்தானதில் டைவர் அறிவாளி, எளிய ரெகுலேட்டரில் மட்டும் அதே டைவர் கைக்குழந்தை. இது எந்த ஊர் நியாயம்?

ஆகாயத்திலும் இப்படி இல்லை. அமெரிக்க விமானத் துறை விதிகளின்படி, பைலட் லைசென்ஸ் உள்ளவர் தன் சொந்த விமானத்தின் டயரை மாற்றலாம், எண்ணெய் மாற்றலாம், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். எதெது செய்யலாம் என்று பட்டியலே இருக்கிறது. வான்குடையில் குதிக்கிறவர் தன் முக்கியக் குடையைத் தானே மடிக்கலாம். மாற்றுக் குடையை மட்டும்தான் உரிமம் பெற்ற ரிக்கர் மடிக்க வேண்டும். பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து விழுகிறவனை நம்புகிறது அரசாங்கம். டைவரை நம்ப மறுக்கிறது கடை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா?

உண்டு. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பது இங்கே நிஜமான எச்சரிக்கை. இரும்பு ஊசியால் ஓ-ரிங்கைக் குத்தி எடுத்தால் அது உட்காரும் உலோகப் பள்ளத்தில் கீறல் விழும். பிறகு புது ரிங் போட்டாலும் கசியும். ஆக்சிஜன் அதிகமுள்ள கலவையில் பயன்படுத்தும் கருவியில் சாதாரண எண்ணெயோ கிரீஸோ தடவினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அதற்கென்று தனி கிரீஸ், தனிச் சுத்தம் வேண்டும். வெளிமூச்சு வால்வு மடிந்து உட்கார்ந்தால் தண்ணீரைக் குடிக்க நேரிடும். இதெல்லாம் தெரியாதவர் தொடக் கூடாது. பலருக்கு ஆசையும் இருக்காது, பொறுமையும் இருக்காது. அவர்கள் தாராளமாகக் கடைக்கே போகட்டும். நல்ல டெக்னீஷியன் வாங்கும் கூலி நியாயமான கூலி.

ஆனால் இந்த ஆபத்துகளுக்கு மருந்து எது? மேனுவலை ஒளித்து வைப்பதா, கையில் கொடுப்பதா? கிட் விற்க மறுப்பதால் யாரும் கருவியைத் திறக்காமல் இருந்துவிடவில்லை. ஏலத் தளங்களில் பின்வாசல் வழியாக வந்த கிட் கிடைக்கிறது. பாதி ஸ்கேன் செய்த பழைய மேனுவல் கைமாறுகிறது. திறக்கப் போகிறவர் எப்படியும் திறப்பார். சரியான படமும் சரியான பாகமும் இல்லாமல் திறப்பார். பாதுகாப்பு என்ற பெயரில் ஆபத்தை உண்டாக்குகிறது இந்தப் பூட்டு. வேலியே பயிரை மேய்கிற கதை.

பயிற்சி பெற்ற டெக்னீஷியன் என்ற வார்த்தையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். பல கம்பெனிகளின் பயிற்சி என்பது ஓரிரு நாளில் முடிந்துவிடும் செமினார். அரசுத் தேர்வு இல்லை, உரிமம் இல்லை. திறமையான, அனுபவமுள்ள டெக்னீஷியன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் சீசன் நேரத்தில் அறுபது செட் வரிசையில் கிடக்கும்போது சம்பளத்துக்கு வேலை செய்பவரின் கவனமும், நாளைக்குத் தன் வாயில் கடிக்கப் போகும் ஒரே ஒரு செட்டைத் திறந்து வைத்திருப்பவரின் கவனமும் ஒன்றா?

வழக்கு போடுவார்கள் என்று கம்பெனி பயப்படுகிறதாம். கார் பிரேக் ஷூவை அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் வாங்கித் தன் வீட்டு வாசலில் மாற்றிக்கொள்ளலாம். பிரேக் பிடிக்காவிட்டால் சாவது ஓட்டியவர் மட்டும் இல்லை, சாலையில் நடந்து போகிறவரும்தான். அந்தத் தொழில் திவாலாகிவிடவில்லை.

சிறு டைவிங் கடைகளின் பிழைப்பு என்னாவது என்பது இன்னொரு கேள்வி. நேர்மையான கேள்வி. இணையத்தில் சாமான் வாங்குகிற காலத்தில் சர்வீஸ் வருமானம்தான் பல கடைகளைத் தாங்கி நிற்கிறது. அப்படியென்றால் அதை அப்படியே சொல்லட்டும். "எங்கள் கடை நிற்க வேண்டும், எங்களிடம் வேலை கொடுங்கள்" என்று கேட்டால் கொடுக்க ஆள் உண்டு. வருமானத்தைக் காப்பாற்ற மரண பயத்தைக் காட்டுவது வியாபாரம் ஆகாது. கிட் விற்பதிலும் லாபம் உண்டு, சனிக்கிழமை பழுதுபார்ப்பு வகுப்பு நடத்துவதிலும் லாபம் உண்டு.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?

1975-லேயே அமெரிக்காவில் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட பிராண்டின் பாகத்தையோ சர்வீஸையோ காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி செல்லும் என்று பொதுவாக நிபந்தனை போட முடியாது. 2021-இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் பழுதுபார்ப்புத் தடைகளைப் பற்றி நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. அதற்குத் தலைப்பே கிண்டலானது. கம்பெனிகள் தடைகளுக்குச் சொல்லும் காரணங்களுக்கு ஆதாரம் சொற்பம் என்றது. 2022-இல் கொலராடோ மாநிலம் மின்சாரச் சக்கர நாற்காலிக்கும், 2023-இல் விவசாய இயந்திரங்களுக்கும் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. நடக்க முடியாதவரின் நாற்காலியும் அவருக்கு உயிர் போன்றதுதானே? 2024-இல் ஐரோப்பிய ஒன்றியமும் சில வகைப் பொருட்களுக்கு இப்படி ஒரு சட்டம் கொண்டு வந்தது. இந்தியாவிலும் 2014-இல் போட்டி ஆணையம், உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன் மீது மேல்முறையீடுகள் நடந்தது வேறு கதை. ரெகுலேட்டர் இந்தப் பட்டியல்கள் எதிலும் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. சின்னச் சந்தை, சத்தம் போட ஆளில்லை.

கேட்கப்படுவது பெரிதாக ஒன்றும் இல்லை. கிட்டை விலைக்கு விற்கட்டும். மேனுவலை வெளியிடட்டும், ஆபத்தான இடங்களைச் சிவப்பு எழுத்தில் அச்சடித்தே வெளியிடட்டும். வேண்டுமானால் ஒரு நாள் வகுப்பு முடித்த சான்றிதழ் கேட்கட்டும்; ரீபிரீதருக்குக் கேட்கிற மாதிரி. காலண்டரைப் பார்த்துப் பிரிப்பதை விட்டுவிட்டு மீட்டரைப் பார்த்துப் பிரிக்கச் சொல்லிக் கொடுக்கட்டும்.

கடலுக்கடியில் போகிறவனுக்குத் தன் மூச்சு எந்த வழியாக வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள அவன் தயார். தடுப்பது கடலும் இல்லை, சட்டமும் இல்லை. கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். அந்த மாடலின் மேனுவல், சரியான கிட், அழுத்த மீட்டர் மூன்றும் கையில் இல்லாமல் முதல் நிலையைத் திறக்கக் கூடாது. திறந்து மாட்டிய கருவியை முதலில் பாத்திரத்துத் தண்ணீரில், அப்புறம் நீச்சல் குளத்தில் சோதித்த பிறகே கடல்.